உப்புத் தின்ற தரை

எங்கள் கராஜில் ஒரு வண்டிக்குத்தான் இடம்.
இரவில் என் கார், பகலில் இர்யாவின் பிக்கப்.
நவம்பரில் நனைந்த தரை
ஏப்ரல் பாதி வரை முழுதாகக் காய்வதில்லை.

அவள் கவுண்டிக்கு உப்பு லாரி ஓட்டுகிறாள்,
மாலை ஆறிலிருந்து காலை ஆறு வரை,
சுப்பீரியர் ஏரியை ஒட்டிய நெடுஞ்சாலையில்
முன்னால் பனியைத் தள்ளிக்கொண்டு
பின்னால் உப்பை இறைத்துக்கொண்டு.
நான் பள்ளிக்கூடத்தில் முந்நூறு பேருக்குச் சூப் காய்ச்சுகிறேன்.
அவள் இறைத்த உப்பின்மேல் போய்
அதன்மேலேயே திரும்புகிறேன்.
சக்கர வளைவுகளில் கறுத்த பனி
ஆட்டு மடிபோலத் தொங்கி வருகிறது.
இரவெல்லாம் சொட்டுகிறது.

அவள் பிக்கப் கிளம்பிய பின்
தரையில் வெள்ளைக் கோடுகள் ஒன்றுக்குள் ஒன்று.
சாம்பல் என்றால் நெடுஞ்சாலை.
செம்புழுதி என்றால் இரும்புத்தாது ஏற்றும் துறைப் பக்கம்.
பிசுபிசுத்தால் குளிர் மிஞ்சிய இரவு,
உப்பில் பீட்ரூட் சாறு கலந்திருக்கிறார்கள்.
மனைவி எங்கே போய்வந்தாள் என்று
குனிந்து படித்துக்கொள்கிறேன்.

உப்புத் தின்றால் தண்ணீர் குடித்தாக வேண்டும்.
சிமென்ட்டும் குடித்தது.
குடித்தது உள்ளே உறைந்து
வடிகாலோரம் செதில் செதிலாக உரிகிறது.

வெந்நீர், இரண்டு குவளை வினிகர்,
முரட்டுத் துடைப்பம், ரப்பர் தள்ளி.
முதல் தேய்ப்புக்கு உப்பு அசையாது.
இரண்டாவதற்கு விடும்.
காய்ந்ததும் மறுபடி வெள்ளையாக எட்டிப் பார்க்கும்.
“தண்ணியக் கதவுப் பக்கம் தள்ளாதே,
வாளியில அள்ளு” என்பாள்.
முதுகு வலிக்கிறவனுக்கு வாளி ரொம்பக் கீழே இருக்கிறது.
தள்ளினேன்.

காலை ஆறரை. பொத்தானை அழுத்தினேன்.
மோட்டார் உறுமியது, கதவு ஓர் அங்குலம் வளைந்தது,
அவ்வளவுதான்.
அடிவிளிம்பு ரப்பரைப் பனிக்கட்டி
பல்லால் கவ்விக்கொண்டிருந்தது.
வெளியே பிக்கப் வந்து நிற்கும் சத்தம்.

“ஹால்வர்?”
“ம்.”
“தள்ளினியா?”
கெட்டிலில் தண்ணீர் பிடிக்கப் போனேன்.

அவள் வெளியே மண்வாரியால் கொத்த
நான் உள்ளே வெந்நீர் ஊற்ற
நடுவில் கதவு.
“கொஞ்சம் உப்புப் போடேன்” என்றேன்.
“இந்தக் குளிருக்கு உப்பு பிடிக்காது.
பத்தொன்பது வருஷமா இதுதானே என் வேலை.”
கொத்தினாள்.
“மூணு மணிக்கு ஒரு மூஸ் மான்.
நடுரோட்டுல நின்னு, நான் போட்ட உப்ப நக்கிட்டு நின்னுச்சு.
ஹார்ன் அடிச்சேன். நிமிர்ந்து பாத்துட்டு
திரும்பவும் நக்க ஆரம்பிச்சுடுச்சு.”
“உப்பிட்டவள மறக்காது” என்றேன்.
சிரித்தாளா, இருமினாளா,
தகரத்துக்கு இந்தப் பக்கம் தெரியவில்லை.

நானும் சொன்னேன்:
பெரிய அடுப்பு எரிய மறுப்பதை,
கடைவாய்ப்பல் வலியை,
என் தங்கை மறுபடி வீடு மாறுவதை.
பதினொரு நாளாகச் சேர்த்துவைத்தவை.
எதிரெதிரே உட்கார்ந்திருந்தால்
பல்லைப் பற்றி வாய் திறந்திருக்க மாட்டேன்.

நான்காம் கெட்டிலுக்கு ரப்பர் கிழிந்துகொண்டு விட்டது.
கதவு முழங்கால் உயரம் ஏறி நின்றது.
முதலில் மண்வாரி, பிறகு பூட்ஸ்,
பிறகு தவழ்ந்து வந்த இர்யா, புருவத்தில் பனி.
தரையைச் சுற்றிப் பார்த்தாள்.
“நல்லாத்தான் துடைச்சிருக்கே”
என்று அதன்மேலேயே சொட்டிக்கொண்டு நின்றாள்.

மிச்ச வெந்நீரில் காப்பி போட்டோம்.
பானெட்டில் சாய்ந்து, ஒரே கோப்பையில்.
அன்று முந்நூறு பேருக்கும் சூப் தாமதம்.

மாலையில் புது ரப்பர் வாங்கி வந்தேன்.
தண்ணீரை வாளியில் அள்ளினேன், ஏழு வாளி.
வடிகாலோரம் ஒரு பூட்ஸ் தடம்
இரண்டாம் தேய்ப்புக்கும் விடவில்லை.
மூன்றாவது தேய்க்கவில்லை.
முதுகு வலி.